கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போன இரத்தம்

நாயின் இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்கு வந்து சேரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வருவதுதான். தின்ற உணவின் சத்தும், குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய கழிவும் அதில் கலந்தே இருக்கும். கல்லீரல் சத்தைச் சேமித்து, அம்மோனியாவை யூரியாவாக மாற்றி, மற்ற நச்சுகளையும் முறித்த பிறகே அந்த இரத்தத்தை இதயத்துக்கு விடுகிறது. சில நாய்களுக்குப் பிறவியிலேயே போர்ட்டல் சிரையையும் உடலின் பொதுச் சிரைகளில் ஒன்றையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று இருக்கும். இரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு அதன் வழியே போய்விடும். இதற்குப் போர்ட்டோசிஸ்டெமிக் ஷன்ட் என்று பெயர். மருத்துவமனைப் பேச்சில் லிவர் ஷன்ட்.

பெரிய இன நாய்களில் இந்தக் குழாய் பெரும்பாலும் கல்லீரலுக்கு உள்ளேயே இருக்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டியின் கழிவைத் தாயின் உடல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே கல்லீரலைக் கடந்துபோக இயற்கையே ஒரு குழாயை வைத்திருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற இனங்களில் சில குட்டிகளுக்கு அது மூடாமல் நின்றுவிடுகிறது. யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், பக் போன்ற சிறிய இனங்களின் கதை வேறு: அவற்றில் குழாய் கல்லீரலுக்கு வெளியே ஓடும், கரு வளரும்போது சிரைகள் தவறாக இணைந்ததால் உண்டானது அது.

அடையாளங்கள் வீட்டிலேயே தெரியும். கூடப் பிறந்த குட்டிகள் வளர, ஒன்று மட்டும் மெலிந்து குறுகி நிற்கும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் மந்தமாகும், சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கும், காரணமில்லாமல் வட்டமிடும், சில சமயம் கண் தெரியாததுபோல் நடக்கும், முற்றினால் வலிப்பு. சிறுநீரில் அம்மோனியம் யூரேட் கற்கள் சேரும். கருத்தடை அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிக்க வெகுநேரமாகும். அதற்கு முன்வரை ஒரு குறையும் தெரியாமல் இருந்து, அந்த நாளில்தான் பிடிபட்ட நாய்களும் உண்டு.

இந்த நோயின் வரலாறு தலைகீழாக நடந்திருக்கிறது. நாய்க்கு இது பிறவியிலேயே வரும் என்று கால்நடை மருத்துவம் விரிவாக எழுதத் தொடங்கியது 1970களில். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த நாய்களின் வயிற்றைத் திறந்து இதே நோயை மனிதர்கள் ஆய்வுக்கூடங்களில் உண்டாக்கியிருந்தார்கள். இன்று ஒரு சின்ன நாய்க்குத் தரப்படும் உணவும் மருந்தும் அறுவையும் பெரும்பாலும் அந்த ஆய்வுக்கூடங்கள் வழியாக வந்தவை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கலாய் எக் என்ற ருஷ்ய மருத்துவர் 1877இல் நோயை உண்டாக்கும் அந்த அறுவையை நாய்களிடம் செய்தார். அவர் மனத்தில் இருந்தவர்கள் மனித நோயாளிகள். கல்லீரல் சுருங்கி இறுகிப்போனவர்களுக்குப் போர்ட்டல் சிரையில் இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறும். வயிற்றில் நீர் கோக்கும். அந்த இரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிட்டால் நீர் வடியும் என்பது அவர் எண்ணம். போர்ட்டல் சிரையையும் கீழ்ப் பெருஞ்சிரையையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இரண்டுக்கும் நடுவே வாசல் திறந்து, கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் போர்ட்டல் சிரையைக் கட்டிவிட்டார். எட்டு நாய்களில் ஏழு ஒரு வாரத்துக்குள் இறந்தன. எட்டாவது இரண்டரை மாதம் வாழ்ந்து, பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிப்போனது. இவ்வளவைக் கொண்டே, கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தைத் திருப்புவதால் உடலுக்கு ஆபத்தில்லை, மனிதரிடமும் இதைச் செய்து பார்க்கலாம் என்று எக் முடிவு கட்டினார். ஓடிப்போன ஒரு நாயை நம்பி எழுதப்பட்ட முடிவு என்பதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் மறக்காமல் குறிப்பிடுவார்கள். அந்த ஆண்டே ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. எக் இந்த ஆய்வை மேலே கொண்டுபோகவில்லை. ஆனால் அந்த இணைப்புக்கு எக் ஃபிஸ்டுலா என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

அதே நகரில் 1890இல் பரிசோதனை மருத்துவக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே உடலியங்கியல் பிரிவை நடத்தியவர் இவான் பாவ்லோவ். வேதியியல் பிரிவுக்கு பெர்ன் நகரிலிருந்து வந்தவர் போலந்துக்காரரான மார்ஸெலி நென்ட்ஸ்கி. மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த நாய்களால் பாவ்லோவ் உலகப் புகழ் பெற்றது பிற்பாடுதான். 1890களில் அவர் முதன்மையாக ஒரு தேர்ந்த அறுவைக்காரர். அறுவைக்குப் பின் நாய் பிழைத்து, புண் ஆறி, இயல்பாக நடமாடும்போதுதான் அதன் உடல் உண்மையைச் சொல்லும் என்று நம்பியவர். அதற்காக நாய்களுக்கு மருத்துவமனை போன்ற சுத்தமான அறுவைக்கூடத்தையும் பராமரிப்பையும் ஏற்படுத்தினார். எக் செய்த அறுவையை இந்தக் குழு சுமார் அறுபது நாய்களிடம் செய்தது; மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. ஹான், மாஸன், நென்ட்ஸ்கி, பாவ்லோவ் நால்வரும் 1893இல் வெளியிட்ட கட்டுரைதான் ஷன்ட் நோயின் முதல் முழு வருணனை.

அறுவைப் புண் ஆறிய சில நாட்களில் நாய்களின் குணம் மாறியது. சொன்னபடி கேட்ட நாய் முரண்டு பிடித்தது, கடிக்க வந்தது. பின்னங்கால் தள்ளாடியது. தூக்கம்போன்ற மந்தம், கண் தெரியாமை, வலிப்பு, கடைசியில் நினைவிழப்பு என்று வரிசையாக வந்தன. பல நாய்களில் இவை இறைச்சி தின்ற பிறகு வந்தன. பாலும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தவை ஓரளவு நன்றாக இருந்தன. சில நாய்கள் இறைச்சியைத் தாமாகவே ஒதுக்கின. இந்த நிலையை அவர்கள் இறைச்சி நச்சு என்றே அழைத்தார்கள். இன்று எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் ஷன்ட் நாய்க்கு எழுதித்தரும் முதல் குறிப்பு, மாமிசத்தைக் குறைத்துப் பால் புரதமும் மாவுச்சத்தும் கொடுக்கச் சொல்வது. 1893இன் பாலும் ரொட்டியும்தான் அது. அளவும் பக்குவமும் மட்டுமே மாறியிருக்கின்றன.

நச்சு எது என்பதில் அவர்கள் ஒரு படி தள்ளி நின்றார்கள். கார்பாமிக் அமிலம்தான் மூளையைக் கெடுக்கிறது என்று முதலில் கருதினார்கள். ஆனால் அம்மோனியா பக்கம் அவர்கள் கண் போகாமலில்லை. குடலிலிருந்து வரும் போர்ட்டல் இரத்தத்தில் அம்மோனியா மற்ற இடங்களைவிட மிக அதிகம் என்று 1896இல் நென்ட்ஸ்கியும் பாவ்லோவும் ஸலேஸ்கியும் அளந்து காட்டினார்கள். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று 1920களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிடைத்தது. அங்கே ஃபிராங்க் மேன் என்பவரும் சகாக்களும் நாயின் கல்லீரலை முழுதாக எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். யூரியா உண்டாவது நின்றது. அதற்கு முன்பே, சில மணி நேரத்தில், இரத்தச் சர்க்கரை விழுந்து நாய் சாய்ந்தது. குளுக்கோஸ் செலுத்தியதும் எழுந்து நின்றது. கல்லீரல் குன்றிய சின்ன நாயை நெடுநேரம் பட்டினி போடக்கூடாது, சிறுசிறு வேளையாகப் பிரித்து உணவு தரவேண்டும் என்ற விதிக்கு இந்தச் சோதனை பக்கபலம். அம்மோனியா யூரியாவாகும் வேதிச் சுழற்சியை 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸலைட்டும் ஃபிரைபர்க் நகரில் வகுத்துக் காட்டினார்கள்.

இதற்குப் பிறகு கதை மனிதர்களிடம் போகிறது. எக் கனவு கண்ட அறுவையை 1945 முதல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லீரல் இறுகிய நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். உணவுக்குழாயில் வீங்கிய சிரைகள் வெடித்து இரத்தம் கொட்டுவதை அது நிறுத்தியது. ஆனால் சிலருக்குப் புத்தி தடுமாறியது, கை நடுங்கியது, மயங்கி விழுந்தார்கள். புற்றுநோய்க்காகக் கணையத்தையும் போர்ட்டல் சிரையின் ஒரு பகுதியையும் எடுத்தபோது இந்த இணைப்பு வைக்கப்பட்ட ஒரு நோயாளி, புரதம் அதிகம் உண்டபோதெல்லாம் மயக்க நிலைக்குப் போனதை மெக்டெர்மாட்டும் ஆடம்ஸும் 1954இல் விவரித்தார்கள். தலைப்பிலேயே எக் ஃபிஸ்டுலா என்று எழுதினார்கள். அதே ஆண்டு லண்டனில் ஷீலா ஷெர்லாக்கும் குழுவினரும் இந்த மூளைத் தடுமாற்றத்துக்கு ஒரு பொதுப் பெயர் வைத்து, குடலிலிருந்து கல்லீரலைத் தாண்டி வரும் நைட்ரஜன் பொருள்களே காரணம் என்று நிறுவினார்கள். பீட்டர்ஸ்பர்க் நாய்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன் காட்டியது மனித மருத்துவத்துக்குப் புதிதாகத் தெரிந்தது. எச்சரிக்கை அச்சில் இருந்தும் அறுவை மேசையை எட்டவில்லை.

மனித நோயாளிகளுக்காக அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உருவான மருந்துகளே இன்று நாய்க்கும் தரப்படுகின்றன. குடல் பாக்டீரியாக்களைக் குறைக்க நியோமைசின் 1950களில் வந்தது. ஜொஹான்னஸ் பிர்ஹரும் சகாக்களும் லாக்டுலோஸ் என்ற செயற்கைச் சர்க்கரையை 1966இல் முதன்முதலாக இந்த நோய்க்குக் கொடுத்தார்கள். பால் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் இந்தப் பாகைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அமிலமாக்கும். அமிலச் சூழலில் அம்மோனியா மின்னேற்றம் பெற்ற வடிவுக்கு மாறி, குடல் சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போக முடியாமல் மலத்தோடு வெளியேறும்; மலமும் இளகும். நாய்க்கு அளவு சொல்வதும் இதை வைத்துத்தான்: ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, நீராகப் போகாமல், இளகலாக மலம் கழிக்கும் அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ தரச் சொல்வார்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ வந்த நாய்க்கு அதையே நீர்க்கவைத்து ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள்.

மனித நோயாளிகளுக்கு மாமிசத்தைவிடப் பாலும் பாலாடைக்கட்டியும் ஒத்துக்கொள்வதாக அதே 1966இல் ஒரு கட்டுரை வந்தது. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல. இறைச்சியில் எஞ்சியிருக்கும் இரத்தப் புரதம் அமினோ அமிலங்களின் சமநிலையில் மோசமானது. அம்மோனியாவை மிகுதியாக உண்டாக்கும். பாலில் இன்னொரு நன்மையும் இருக்கலாம். வளர்ந்த நாயால் பால் சர்க்கரையை முழுவதும் செரிக்க இயலாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் லாக்டுலோஸ் செய்யும் வேலையையே கொஞ்சம் செய்யும். பாவ்லோவின் நாய்களைப் பால் காப்பாற்றியதில் இதற்கும் பங்கிருக்க வாய்ப்பு உண்டு.

ஷன்ட் நாயின் கல்லீரல் ஏன் இவ்வளவு சிறியது என்ற கேள்விக்குப் பதில், உறுப்பு மாற்று அறுவையின் முன்னோடியான தாமஸ் ஸ்டார்ஸிலிடமிருந்து வந்தது. மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையை 1963இல் டென்வர் நகரில் செய்தவர் அவர். அதற்கு முன்னும் பின்னும் அவருடைய ஆய்வுகள் நாய்களிடம் நடந்தன. எக் ஃபிஸ்டுலா அவற்றில் திரும்பத் திரும்ப வரும். இரத்தத்தின் அளவு குறைவதால்தான் கல்லீரல் சுருங்குகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். கணையத்திலிருந்து வரும் இரத்தத்தைக் கல்லீரலின் ஒரு பாதிக்கும், மற்ற இரத்தத்தை மறு பாதிக்கும் போகும்படி ஸ்டார்ஸில் குழு பிரித்துவிட்டது. முதல் பாதி செழித்தது. மறு பாதி குன்றியது. போர்ட்டல் இரத்தத்தோடு வரும் இன்சுலினே கல்லீரலை வளர்க்கும் முக்கியப் பொருள் என்று 1970களில் தெளிவானது. இதில் பிற்காலக் கால்நடை அறுவைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: குறுக்குக் குழாயை அடைத்து இரத்தத்தைத் திருப்பிவிட்டால், குன்றிய கல்லீரல் மீண்டும் வளரும். பெரும்பாலான நாய்களில் அப்படியே நடக்கிறது.

இனி, பிறவியில் நோய் வந்த நாய்கள். போர்ட்டல் சிரை வழி மாறி ஓடிய ஒரு நாயின் உடற்கூறு விவரம் 1949இலேயே அச்சாகியிருந்தது. எழுதியவர்களில் ஒருவர் மேயோவின் அதே ஃபிராங்க் மேன். அது ஒரு விநோதமாகவே பார்க்கப்பட்டது. 1974இல் ஸ்வீடனிலிருந்து மூன்று நாய்களைப் பற்றிய கட்டுரையும், அமெரிக்காவிலிருந்து யூவிங், சூட்டர், பெய்லி எழுதிய கட்டுரையும் வெளிவந்தன. குடல் சிரைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் எங்கே வழி தவறுகிறது என்று அவர்களால் உயிருள்ள நாயிலேயே காட்ட முடிந்தது. அதுவரை இந்தக் குட்டிகள் என்னவாகக் கருதப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது எளிது. வலிப்பும் வட்டமிடுதலும் டிஸ்டெம்பர் நோயிலும் வரும். மூளையில் நீர் கோத்த குட்டியும் இப்படித்தான் இருக்கும். வளர்ச்சி குன்றியதை யார்க்‌ஷயர் டெரியரிடம் யாரும் நோயாகவே எண்ணமாட்டார்கள்.

அந்த இனத்தின் பிறப்பே இதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களுக்கு வந்த நெசவாளிகள் தங்கள் டெரியர்களையும் கொண்டுவந்தார்கள். ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்டு, ஹடர்ஸ்ஃபீல்டு பகுதிகளில் எலி பிடிக்கவும் போட்டிக்கும் வளர்க்கப்பட்ட கலப்பு நாய்களிலிருந்து, நீண்ட பட்டு ரோமமுள்ள சிறிய நாய் பிரித்தெடுக்கப்பட்டது. 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்ற ஆண் நாயை இனத்தின் தந்தை என்கிறார்கள். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் அதைக் காட்சிகளில் நிறுத்திப் பரிசுகள் வாங்கினார். 1871இல் வண்டி ஏறி அது இறப்பதற்குள் ஏராளமான குட்டிகளுக்குத் தகப்பனாகியிருந்தது. ஒரு நாயின் வம்சத்தையே சுற்றிச் சுற்றி இனம் பெருக்கினால் நல்ல ரோமத்தோடு மறைந்திருக்கும் குறைகளும் கூடவே நிலைக்கும். ஆலைத் தொழிலாளியின் எலிப்பிடி நாய் விக்டோரியா காலத்துச் சீமாட்டியின் மடிக்கு வந்தபோது, சிறிதாக இருப்பதே அதற்கு விலையும் ஆனது. 3 கிலோவுக்குச் சற்று மேல்தான் இனத்துக்குரிய எடையின் மேல்வரம்பு. கோப்பைக்குள் அடங்கும் குட்டி என்று இன்றைக்கும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தக் குட்டி சிறிதாக இருப்பது அழகாலா கல்லீரலாலா என்று வாங்குபவர் கேட்பதில்லை.

எந்த இனத்தில் எவ்வளவு என்பதைக் காட்டிய ஆய்வு 2003இல் வந்தது. வட அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து, 1980 முதல் 2002 வரை ஷன்ட் என்று முடிவு செய்யப்பட்ட 2,400 நாய்களை கேரன் டோபியாஸும் பார்ட்டன் ரோர்பாக்கும் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த நாய்களில் இந்த நோய் 0.18 விழுக்காடு. ஹவனீஸ் இனத்தில் 3.2, யார்க்‌ஷயர் டெரியரில் 2.9, மால்டீஸில் 1.6. மருத்துவமனைக்கு வந்த நாய்களின் கணக்கு இது. வீடுகளில் இருக்கும் எல்லா நாய்களுக்கும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் இனங்களுக்கிடையிலான இடைவெளியை மறுக்க முடியாது.

நோயைக் கண்டுபிடிப்பது 1980களில் எளிதானது. அம்மோனியாவை அளப்பதில் ஒரு தொல்லை: எடுத்த இரத்தத்தை உடனே குளிரவைத்து விரைவில் சோதிக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே அளவு ஏறிவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷாரன் சென்டர் பித்த அமிலங்களை அளக்கும் முறையை நிலைநாட்டினார். வெறும் வயிற்றில் ஒரு முறை, உணவு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை இரத்தம் எடுப்பார்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்தால், குடலிலிருந்து திரும்பும் பித்த அமிலத்தை அது மறுபடி இழுத்துக்கொள்ளும். ஷன்ட் இருந்தால் அளவு எகிறும். சிட்னியில் நடந்த ஓர் ஆய்வு இதற்கும் ஒரு விதிவிலக்கைக் கண்டது: நோயே இல்லாத மால்டீஸ் நாய்கள் பலவற்றில் பித்த அமில அளவு அதிகமாகவே வந்தது. அந்த இனத்துக்கு அம்மோனியாவையும் பார்த்தாக வேண்டும். மலக்குடல் வழியே சிறிதளவு கதிரியக்க டெக்னீஷியம் செலுத்தி, அது முதலில் கல்லீரலில் தெரிகிறதா இதயத்தில் தெரிகிறதா என்று கேமராவில் பார்க்கும் முறையும் வந்தது. பிறகு அல்ட்ராசவுண்ட், இப்போது பெரும்பாலும் சிடி ஸ்கேன்.

அறுவையின் வரலாறு பொறுமையைக் கற்ற வரலாறு. கலிஃபோர்னியாவின் டேவிஸில் பணியாற்றிய பிரெஸ்னாக் 1979இல் ஷன்டைக் கட்டும் அறுவையை விவரித்தார். பட்டு நூலால் குழாயைக் கட்டுவதில் சிக்கல் ஏதுமில்லை. கட்டிய மறுகணத்தில்தான் சிக்கல். அத்தனை இரத்தமும் அதுவரை பழகாத, குன்றிய கல்லீரல் கிளைகளுக்குள் ஒரேயடியாகப் பாயும். இடமில்லாமல் பின்னுக்குத் தேங்கினால் குடல் நீலம் பாரிக்கும், இரத்த அழுத்தம் விழும், நாய் இறந்துவிடும். எனவே போர்ட்டல் அழுத்தத்தை அளந்துகொண்டே, குடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே, தாங்கும் அளவுக்கு மட்டும் நூலை இறுக்கினார்கள். மீதியை அடைக்கச் சிலவற்றுக்கு மாதங்கள் கழித்து இரண்டாம் அறுவை தேவைப்பட்டது.

மெல்ல மூடினால் என்ன என்ற எண்ணத்துக்கு 1996இல் ஒரு கருவி கிடைத்தது. டென்னஸி பல்கலைக்கழகக் குழு அமெராய்டு வளையத்தை ஷன்டைச் சுற்றிப் பொருத்தியது. எஃகு வளையத்துக்குள் அழுத்தி உலர்த்திய கேசின், அதாவது பால் புரதம், வைக்கப்பட்டிருக்கும். உடலின் ஈரத்தை உறிஞ்சி அது உள்நோக்கி உப்பும். சுற்றிலும் தழும்புத் திசு வளரும். சில வாரங்களில் குழாய் அடைபடும். இந்த வளையமும் நாய்க்காகச் செய்யப்பட்டதில்லை. இதய நோயை ஆராய, நாயின் இதயத் தமனிகளை மெல்ல அடைப்பதற்காக 1950களிலிருந்தே ஆய்வுக்கூடங்களில் இருந்தது. நாயிடம் நோயை உண்டாக்கப் பயன்பட்ட பொருள் நாயின் நோயைத் தீர்க்க வந்தது.

விலை குறைந்த இன்னொரு வழி செலோஃபேன் பட்டை. குழாயைச் சுற்றி அதை வைத்தால் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி அழற்சி கொள்ளும். தழும்பு இறுகிக் குழாய் மூடும். 1990இல் தொடங்கிய இம்முறையை ஆஸ்திரேலியாவில் ஜெரால்டின் ஹன்ட் விரிவாகப் பயன்படுத்தினார். பூக்கடைகளில் கிடைக்கும் காகிதத்தைக்கூட அறுவைக்காரர்கள் கிருமி நீக்கிப் பயன்படுத்தியது உண்டு. பின்னர் 2013இல் ஹன்ட்டும் சகாக்களும் மருத்துவமனைகளில் செலோஃபேன் என்று வைத்திருந்த தாள்களை நிறமாலை முறையில் சோதித்தார்கள். பெரும்பாலானவை செலோஃபேனே இல்லை, வேறு பிளாஸ்டிக் என்று தெரியவந்தது. எல்லா ஊரிலும் முடிவுகள் ஏன் ஒன்றுபோல வரவில்லை என்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்தது.

கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் ஷன்டைக் கத்தியால் அணுகுவது கடினம். 2001க்குப் பிறகு சிக் வைஸும் அலிசன் பெரென்ட்டும் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கல்லீரலுக்குள் உலோகச் சுருள்களை வைத்து அடைக்கும் முறையை வளர்த்தார்கள்; 100 நாய்களின் முடிவுகள் 2014இல் வெளியாயின. இது பெரும்பாலும் பெரிய நாய்களுக்கான வழி.

சிறிய நாய்களுக்கு அறுவைக்குப் பின் வரும் வலிப்புதான் இன்றும் தீராத கவலை. குழாய் நன்றாக மூடி, அம்மோனியா இறங்கிய பிறகும், முதல் சில நாட்களில் சில நாய்களுக்குத் தொடர் வலிப்பு வந்து உயிர் போய்விடுகிறது. லெவெடிராசெட்டம் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் அதிக நாய்களைக் கொண்டு நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. பல அறுவைக்காரர்கள் இன்னும் கொடுத்து வருகிறார்கள்.

அறுவை செய்யாமல் உணவு, மருந்து இரண்டைக் கொண்டே நாயை வைத்திருக்கலாமா என்ற கேள்வியை கேம்பிரிட்ஜின் பென்னி வாட்சனும் மைக்கேல் ஹெர்டேஜும் 1998இல் ஆராய்ந்தார்கள். அவர்கள் பார்த்த 27 நாய்களில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்ந்தது. பாதியளவு நாய்கள் நோயைத் தாங்காமல் இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 2010இலும் 2014இலும் வந்த பிரிட்டிஷ் ஆய்வுகள் அறுவை செய்துகொண்டவை அதிக காலம் வாழ்வதைக் காட்டின. வயது கூடிய நாய்க்கு அறுவை வீண் என்று முன்பு பலர் எண்ணினார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட வயது ஆயுளை மாற்றவில்லை என்று அந்த ஆய்வுகளில் ஒன்று சொன்னது.

வீட்டுப் பராமரிப்பிலும் கருத்து மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் புரதத்தை முடிந்தவரை குறைப்பதே மருத்துவமாக இருந்தது. வளரும் குட்டி அதனால் மேலும் மெலிந்தது. கல்லீரலுக்கு அடுத்தபடியாக அம்மோனியாவைப் பிடித்துவைப்பது தசை. தசை கரைந்தால் நோய் முற்றும். ஆகவே இப்போது புரதத்தின் அளவைவிட அதன் வகையையே கவனிக்கிறார்கள்: பாலாடைக்கட்டி, முட்டை, சோயா. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2009இல் வெளியான ஆய்வில், சோயாப் புரதம் தந்தபோது இறைச்சிப் புரதத்தைவிட அம்மோனியா நன்றாகக் குறைந்தது. மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல், குடலில் இரத்தக்கசிவு ஆகிய மூன்றும் நாயை மீண்டும் தடுமாற வைக்கும். குடற்புழு நீக்கம்கூட இந்தக் கணக்கில்தான் சேரும். கல்லீரல் முறிக்கவேண்டிய மருந்துகளின் அளவையும் மருத்துவர் குறைத்தே தர வேண்டியிருக்கும்.

நோயைப் பிறக்கும் முன்பே தடுக்கும் முயற்சி பெரிய நாய்களில்தான் முதலில் பலித்தது. ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் குட்டிகளை விற்பதற்கு முன் பித்த அமிலச் சோதனை செய்யும் வழக்கம் பிரிட்டனில் 1990களில் பரவியது. நெதர்லாந்தில் அம்மோனியாவை அளந்தார்கள். கெய்ர்ன் டெரியரில் இது பரம்பரை நோய் என்று உட்ரெக்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். யார்க்‌ஷயர் டெரியரிலும் நோய் குடும்பங்களில் தொடர்வதை டோபியாஸ் வம்சாவளிகளைக் கொண்டு காட்டினார். ஆனால் ஒற்றை மரபணுவால் எளிதாக விளக்கும்படி அது அமையவில்லை. அந்த இனத்துக்கு நம்பத்தகுந்த மரபணுச் சோதனை கிடையாது. அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் குட்டிகளுக்குப் பித்த அமிலச் சோதனை செய்தே விற்கிறார்கள். நோயுள்ள குட்டி பிறந்தால் அதன் தாய் தந்தையை மறுபடி இணை சேர்ப்பதில்லை.